குடல் பாக்டீரியாவை மருந்தாக்குவது: மரபணு சுலபம், கணக்குதான் கஷ்டம்

கேள்வி இதுதான்: "குடலில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி, உடலுக்குள்ளேயே மருந்து வேலையைச் செய்ய வைக்கலாம் என்கிறார்கள். எதுவரை வந்திருக்கிறது? எப்படிச் செய்கிறார்கள்? எங்கே சிக்குகிறது?"

எலியில் பலமுறை செய்து காட்டியாகிவிட்டது. மனிதரில் மூன்றாம் கட்டச் சோதனை வரை போய் அங்கே நின்றுவிட்டது. மரபணு மாற்றிய குடல் பாக்டீரியா ஒன்றுகூட இன்னும் மருந்தாக ஒப்புதல் பெறவில்லை. 2022-இலும் 2023-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரீபையோட்டா, வவுஸ்ட் இரண்டும் கொடையாளரின் மலத்திலிருந்து எடுத்த இயற்கை பாக்டீரியாக்கள். அவற்றின் மரபணுவை யாரும் தொடவில்லை. கடைகளில் விற்கும் புரோபயாட்டிக் மாத்திரைகளும் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாதங்கள் நடக்கின்றன.

பாக்டீரியாவுக்குள் ஒரு மரபணுவை நுழைப்பது, கைபழகியவருக்கு இரண்டு மூன்று வார வேலை. அந்த பாக்டீரியா குடலின் சரியான பகுதியில், போதிய எண்ணிக்கையில், போதிய நேரம், தன்னை மாற்றிக்கொள்ளாமல் வேலை செய்யவேண்டும். வருடங்களை விழுங்குவது இந்தப் பகுதிதான். அதனால் மரபணுவுக்கு முன்னால் கணக்கு.

ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோயை எடுத்துக்கொள்வோம். உணவுப் புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதி இவர்களின் கல்லீரலில் சரியாக இருக்காது. சாதாரணமாக ரத்தத்தில் லிட்டருக்கு 60 மைக்ரோமோல் அளவில் இருப்பது, கடுமையான வகையில் 1,200-ஐத் தாண்டிவிடும். மூளை வளர்ச்சி கெடும். சிகிச்சையில் 120-லிருந்து 360-க்குள் வைக்கப் பார்ப்பார்கள். குடலிலேயே ஒரு பாக்டீரியா ஃபீனைல்அலனினைத் தின்றுவிட்டால், ரத்தத்துக்குப் போவது குறையும் என்பதுதான் யோசனை. சின்லாஜிக் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட திரிபு (ஒரு பாக்டீரியா இனத்துக்குள் தனி வகை) இதைத்தான் செய்தது. ஃபீனைல்அலனினைச் செல்லுக்குள் இழுக்கும் கடத்திப் புரதத்தின் மரபணுவைக் கூடுதலாக வைத்தார்கள். அதைச் சின்னமிக் அமிலமாக மாற்றும் ஒரு நொதியை வேறொரு பாக்டீரியாவிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். சின்னமிக் அமிலம் கல்லீரலில் ஹிப்யூரிக் அமிலமாகிச் சிறுநீரில் போய்விடும். சிறுநீரில் ஹிப்யூரிக் அமிலத்தை அளந்தாலே பாக்டீரியா வேலை செய்ததா என்று தெரியும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மருந்து தன் வேலைக்கான ரசீதைத் தானே கொடுக்கிறது.

இனி கணக்கு. 100 கோடி செல்கள் ஒரு மணி நேரத்தில் 1 மைக்ரோமோல் ஃபீனைல்அலனினை மாற்றும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல திரிபுக்கு இது நியாயமான எதிர்பார்ப்பு. ஒரு வேளைக்கு 10,000 கோடி செல்கள் கொடுத்தால், மணிக்கு 100 மைக்ரோமோல். சிறுகுடலைக் கடக்க 4 மணி நேரம் என்றால் 400 மைக்ரோமோல். ஃபீனைல்அலனினின் மூலக்கூறு எடை 165. ஆக 66 மில்லிகிராம். ஒரு கிராம் உணவுப் புரதத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் ஃபீனைல்அலனின் இருக்கும். அதாவது 10,000 கோடி உயிருள்ள செல்களை விழுங்கினாலும் ஈடாவது 1.3 கிராம் புரதம்தான். ஒரு லட்சம் கோடி செல்களுக்குப் போனால் 13 கிராம். இதுவும் எல்லா செல்லும் பிழைத்து, முழு வேகத்தில் ஓடி, எப்போதும் தீனி கிடைத்தால். நிஜத்தில் ஒரு பகுதி வயிற்று அமிலத்தில் சாகும். மீதிக்கு ஃபீனைல்அலனின் கிடைக்கும் முன்பே குடற்சுவர் அதை உறிஞ்சிவிடும். குடலில் நாள் முழுக்க ரத்தத்திலிருந்தும் சுரப்புகளிலிருந்தும் அமினோ அமிலங்கள் திரும்ப வந்துகொண்டிருப்பதால், உணவு நேரம் தவறினாலும் கொஞ்சம் வேலை நடக்கும். அது மட்டும் சாதகம்.

எந்த நோயைத் தேர்வது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்யவேண்டும். பலரும் இதைக் கடைசியில் போடுகிறார்கள். இன்டர்லூகின்-10 போன்ற சமிக்ஞைப் புரதம் மைக்ரோகிராம் அளவிலேயே பலன் தரும், பாக்டீரியாவால் முடியும். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமான ஆக்ஸலேட் ஒரு நாள் உணவில் நூறு, இருநூறு மில்லிகிராம். முயன்றால் முடியும். குடலில் உருவாகும் அம்மோனியா தினமும் சில கிராம். அதைத் தீர்க்க ஆர்ஜினினாக மாற்றும் திரிபு ஒன்று எலியில் அழகாக வேலை செய்தது. கல்லீரல் சுருக்க நோயாளிகளிடம் ரத்த அம்மோனியா இறங்காததால் 2019-இல் கைவிடப்பட்டது.

அடுத்து, எந்த பாக்டீரியா? பெரும்பாலானவர்கள் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நிஸில் 1917 திரிபை எடுப்பார்கள். முதல் உலகப்போரின்போது சுற்றியிருந்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தும் தனக்கு வராத ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஆல்ஃப்ரெட் நிஸில் பிரித்தெடுத்த திரிபு. ம்யூட்டஃப்ளோர் என்ற பெயரில் நூறாண்டாக மனிதர்கள் சாப்பிட்டு வருவது. அரைமணிக்குள் இரட்டிக்கும், ஈ. கோலைக்கான எல்லாக் கருவிகளும் இதற்கும் பொருந்தும். குறை இரண்டு. இது பெரும்பாலானவர்களின் குடலில் தங்காது, நிறுத்திய சில நாளில் போய்விடும். இன்னொன்று, கோலிபாக்டின் என்ற டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் பொருளைச் செய்யும் மரபணுத் தொகுதி இதில் இருக்கிறது. மனிதருக்குக் கொடுக்கப்போகும் திரிபில் அதை நீக்குவது இப்போது வழக்கமாகிவருகிறது. ஆனால் தொகுதியின் முதல் மரபணுவை மட்டும் வெட்டினால், அது செய்யும் நொதியையே நம்பியிருக்கும் இரும்பு பிடிக்கும் மூலக்கூறுகளும் பாதிக்கப்பட்டு, நிஸிலின் நல்ல குணங்களும் சேர்ந்து போக வாய்ப்புண்டு. எதை வெட்டுகிறோம் என்பதை யோசித்து வெட்டவேண்டும்.

குடலில் தங்கவேண்டுமானால் பாக்டீராய்டிஸ் இனத்துக்குப் போகவேண்டும். பெருங்குடலின் முக்கியக் குடியிருப்பாளர்கள் இவை. ஈ. கோலையில் ஓடும் பாகங்கள் எதுவும் இதில் அப்படியே ஓடாது. மரபணு எங்கே தொடங்கவேண்டும் என்று சொல்லும் புரமோட்டர் வரிசையே வேறு. ஈ. கோலையில் தொடக்கப்புள்ளிக்கு 35-உம் 10-உம் எழுத்து முன்னால் இருக்கும் அடையாளங்கள், பாக்டீராய்டிஸில் 33-இலும் 7-இலும் வேறு எழுத்துகளில் இருக்கும். புரதம் செய்யும் ரைபோசோம் உட்காரும் வழக்கமான வரிசையும் இதற்குத் தேவையில்லை. ஈ. கோலைக்காக வாங்கிய பாகங்களை இதில் போட்டுவிட்டு "புரதமே வரவில்லை" என்று திகைப்பது அடிக்கடி நடப்பது. டி.என்.ஏ.வை நுழைக்கவும் மின் அதிர்ச்சியைவிட இணைவு முறைதான் நம்பகம். டி.என்.ஏ.வைக் கடத்தக்கூடிய ஈ. கோலையோடு கலந்து வைத்து, பிறகு ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் போட்டு ஈ. கோலையைக் கொல்வார்கள். பாக்டீராய்டிஸுக்கு ஜென்டமைசின் இயல்பாகவே உறைக்காது. எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கைத் தாங்குவதை வைத்து மாறிய செல்லைப் பொறுக்குவார்கள்.

நிஸிலில் ஒரு மரபணுவைக் குரோமோசோமில் ஏற்றும் வேலையை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். தட்சென்கோவும் வானரும் 2000-இல் கொடுத்த லாம்டா ரெட் முறை இன்றும் அடிப்படை. லாம்டா என்ற பாக்டீரியா வைரஸின் ரெட் புரதங்களைக் கொண்டு, ஒரு டி.என்.ஏ. துண்டைக் குரோமோசோமில் இணைப்பது இது. முதலில் அந்தப் புரதங்களின் மரபணுக்களைச் சுமக்கும் பிகேடி46 என்ற உதவி பிளாஸ்மிட்டை (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) ஏற்றவேண்டும். இது வெப்பத்துக்குப் பயப்படும், 30 டிகிரியில் மட்டுமே நிலைக்கும். 37-க்குப் போனால் கழன்றுவிடும். ஆகவே ஊடகம் முதல் தட்டு வரை எல்லாம் 30-இல், ஆம்பிசிலின் 100 மைக்ரோகிராம்/மில்லி கலந்து. வளர்ப்பில் 10 மில்லிமோலார் அராபினோஸ் சேர்த்தால் ரெட் புரதங்கள் விழித்துக்கொள்ளும். 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 0.4-லிருந்து 0.6 வரும்போது நிறுத்தி, பனிக்கட்டியில் வைத்து, குளிர்ந்த 10% கிளிசரால் கொண்டு மூன்று முறை கழுவி, நூறு மடங்கு செறிவாக்கவேண்டும். 50 மைக்ரோலிட்டர் செல்லோடு 100-லிருந்து 500 நானோகிராம் பிசிஆர் துண்டு (ஏற்றவேண்டிய மரபணுவைப் பிசிஆரில் பெருக்கியது), ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக் குப்பியில் 1.8 கிலோவோல்ட் மின் அதிர்ச்சி. கருவி காட்டும் நேர மாறிலி 5 மில்லிவினாடிக்குப் பக்கத்தில் வந்தால் நன்று. "பட்" என்று சத்தம் வந்தால் உப்பு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டு, கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். உடனே ஒரு மில்லி வளமான ஊடகத்தை ஊற்றி, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தேறவிட்டுத் தட்டில் பரப்பவேண்டும்.

இங்கே நான்கு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். பிசிஆர் துண்டைச் செய்யப் பயன்படுத்திய வார்ப்பு பிளாஸ்மிட்டை டிபிஎன்1 நொதி போட்டு அழிக்காவிட்டால், தட்டு முழுக்கக் காலனி வரும், ஒன்றில்கூட நீங்கள் விரும்பிய மாற்றம் இருக்காது. மாறிய செல்லைப் பொறுக்குவதற்காகச் சேர்த்து, குரோமோசோமில் ஒரே பிரதியாக உட்காரும் ஆன்டிபயாட்டிக் தாங்குதிறன் மரபணுவுக்குப் பிளாஸ்மிட்டுக்குப் போடும் அளவு ஆன்டிபயாட்டிக் போட்டால், சரியான செல்லும் சேர்ந்து செத்துவிடும். குளோராம்ஃபெனிக்கால் என்றால் 25-க்குப் பதில் 10 முதல் 15 மைக்ரோகிராம்/மில்லி போதும். சரிபார்க்கும் பிசிஆரில் ஒரு முனையாவது, ஒத்த வரிசைக் கரங்களுக்கு (துண்டின் இரு ஓரத்திலும் குரோமோசோமோடு ஒத்துப்போகும் வரிசைகள்) வெளியே, குரோமோசோமில் அமரவேண்டும். இரண்டும் உள்ளேயே அமர்ந்தால், மிதக்கும் டி.என்.ஏ. மிச்சத்தையே பெருக்கிக் காட்டி ஏமாற்றும். நிஸிலில் 40, 50 எழுத்துக் கரங்களுக்குக் காலனி வரவில்லை என்றால், சில நூறு எழுத்து நீளக் கரங்களோடு முயலுங்கள். ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் கே-12 என்ற ஈ. கோலை திரிபின் அளவுக்கு நிஸில் தாராளமாக டி.என்.ஏ.வை ஏற்காது.

அடையாளத்துக்காகச் சேர்த்த அந்தத் தாங்குதிறன் மரபணுவைப் பிறகு, டி.என்.ஏ. துண்டை வெட்டியெடுக்கும் எஃப்எல்பி நொதியால் கழற்றிவிடவேண்டும், மனிதருக்குப் போவதில் அது இருக்கக்கூடாது. கழற்றிய இடத்தில் ஒரு சிறு தழும்பு வரிசை மிஞ்சும். ஐந்தாறு இடத்தில் மரபணு ஏற்றினால் ஐந்தாறு ஒரே மாதிரித் தழும்பு. அடுத்த முறை எஃப்எல்பி வரும்போது இரண்டு தழும்புகள் தங்களுக்குள் இணைந்து நடுவிலிருக்கும் குரோமோசோம் துண்டையே வெட்டி எறியலாம். பல இடங்களில் மாற்றுவதென்றால் டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும், தழும்பு விடாத கிறிஸ்பர் வழியே மேல். கடைசியில் முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்தித்தான் திரிபு தயார் என்று சொல்லவேண்டும். நிஸிலுக்கே உரிய இரண்டு சின்ன பிளாஸ்மிட்டுகள் இருக்கின்றனவா என்று பிசிஆரில் பார்ப்பது, மாதிரி மாறிப்போகவில்லை என்பதற்கு மலிவான சோதனை.

ஏன் இவ்வளவு பாடுபட்டுக் குரோமோசோம்? பிளாஸ்மிட்டில் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே? முடியும். ஆனால் குடலில் ஆன்டிபயாட்டிக் இல்லை. பிளாஸ்மிட்டைத் தூக்கிச் சுமக்க செல்லுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. சில நாளில் பெரும்பகுதி உதறிவிடும். பிளாஸ்மிட்டை இழந்த செல்லைக் கொல்லும் நச்சு–முறிவு ஜோடியைச் சேர்த்து ஒட்டவைக்கலாம், எலிச் சோதனைக்கு அது போதும். மனித மருந்துக்குக் குரோமோசோம்தான்.

சுவிட்ச் எப்படி வைப்பது என்பது தனிக் கலை. நொதியை எந்நேரமும் செய்யச் சொன்னால் செல் வளராது. அதனால் ஆக்ஸிஜன் குறைந்தால் திறக்கும் எஃப்என்ஆர் வகைப் புரமோட்டரை வைப்பார்கள். தொட்டியில் காற்று ஊதி வளர்க்கும்போது மூடியிருக்கும், குடலில் திறக்கும் என்பது திட்டம். நடைமுறையில் ஒரு சிக்கல். நிஸில் சிறுகுடலில் இருப்பதே சில மணி நேரம். அதில் விழித்து, புரதம் செய்து, வேலையும் செய்ய நேரம் பற்றாது. ஆகவே தொட்டியில் வளர்ச்சி முடியும் கட்டத்தில் காற்றைக் குறைத்து நொதியை அங்கேயே நிரப்பிவிட்டு அறுவடை செய்வது பலன் தரும். உயிருள்ள மருந்து என்று சொன்னாலும், அந்த நான்கு மணி நேரத்தில் அது பெரும்பாலும் நொதி நிரப்பிய பைதான்.

ஆக்ஸிஜன் இன்னொரு வழியிலும் பழிவாங்கும். பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதம் முதிர ஆக்ஸிஜன் தேவை. குடலில் சுவிட்ச் திறந்ததா என்று பார்க்க ஜி.எஃப்.பி. வைத்துவிட்டு, ஒளிரவில்லை, ஆகவே சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. ஒளி உமிழ வைக்கும் லூசிஃபரேஸ் நொதிக்கும் அதே கதி. ஆக்ஸிஜன் வேண்டாத ஃபிளேவின் வகை ஒளிர்புரதத்தை வைக்கவேண்டும், இல்லையென்றால் நேரடியாக ஆர்.என்.ஏ.வை அளக்கவேண்டும். நொதித் தேர்விலும் இதே விதி. ஃபீனைல்அலனினை உடைக்க சின்லாஜிக் திரிபில் இரண்டாவதாகச் சேர்த்த ஒரு நொதி ஆக்ஸிஜனை நம்பியது. மேல் சிறுகுடலில் கொஞ்சம் ஓடும், பெருங்குடலில் படுத்துவிடும். சுவிட்சுக்கு அராபினோஸை நம்புகிறவர்கள், அது காய்கறி, தானியங்களின் நாரிலும் இருக்கிறது, நிஸில் அதைத் தின்றும்விடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

பரிணாமத்துக்கு வருவோம். பெரும்பாலான திட்டங்கள் சத்தமில்லாமல் சாவது இங்கேதான். ஒரு செல்லிலிருந்து ஒரு லட்சம் கோடி செல் வர 40 தலைமுறை வேண்டும். நீங்கள் சேர்த்த சுமையால் செல் 20% மெதுவாக வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமையைக் கழற்றிய பிறழ்வு செல் அதே நேரத்தில் 50 தலைமுறை ஓடிவிடும். பத்துத் தலைமுறை முன்னிலை என்றால் ஆயிரம் மடங்கு. ஒரு மரபணு கெட்டுப்போகும் வாய்ப்பு தலைமுறைக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்று எடுத்தால், 40 தலைமுறையில் கெட்டுப்போன செல் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும், கண்ணில் படாது. நூறு தலைமுறை ஓடினால் முன்னிலை மூன்று கோடி மடங்கைத் தாண்டும். அதன்பின் தொட்டியில் இருப்பது உங்கள் திரிபு அல்ல. எனவே உறைபெட்டியிலிருக்கும் மூல வங்கியிலிருந்து உற்பத்தித் தொட்டி வரை எத்தனை தலைமுறை என்று எண்ணி வைக்கவேண்டும். எண்ணிக்கையைத் தாண்டி வளர்த்த தொகுதியிலிருந்து நூறு காலனியாவது எடுத்து, ஒவ்வொன்றின் நொதி வேகத்தையும் அளக்கவேண்டும். மொத்த வளர்ப்பை மட்டும் அளந்தால் 10% இழப்பு அளவுப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். சுவிட்ச் மூடியிருக்கும்போது உண்மையிலேயே மூடியிருப்பதுதான் சிறந்த தடுப்பு. கசியும் சுவிட்ச் தான் பிறழ்வுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது.

வெளியே தப்பிப் பரவாமல் இருக்க என்ன வழி? மிக எளிய பூட்டு, ஊட்டச்சத்தை நம்பவைப்பது. டாப்-ஏ மரபணுவை நீக்கினால் செல்சுவருக்குத் தேவையான டைஅமினோபிமெலிக் அமிலம் கிடைக்காது. வளர முயலும் செல் சுவர் ஓட்டையாகி வெடித்துவிடும். ஆய்வகத்தில் 100 மைக்ரோகிராம்/மில்லி சேர்த்து வளர்ப்பார்கள். தேறவிடும் ஊடகத்திலும் தட்டிலும் சேர்க்க மறந்துவிட்டு, "மாற்றம் நடக்கவில்லை" என்று ஒரு வாரத்தை வீணடிப்பது சர்வசாதாரணம். பெல்ஜியத்தில் லோத்தர் ஸ்டைட்லர் குழு 2003-இல் வேறு வழி காட்டியது. பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் பாக்டீரியாவில், டி.என்.ஏ.வுக்குத் தேவையான தைமிடின் செய்யும் மரபணு இருந்த இடத்திலேயே மனித இன்டர்லூகின்-10 மரபணுவை வைத்தார்கள். வெளியிலிருந்து தைமிடின் கிடைக்காவிட்டால் செல் செத்துவிடும். மருந்து மரபணுவைப் போக்கிக்கொண்டு பழைய மரபணுவை வாங்கினால்தான் பிழைக்கமுடியும், அப்போது அது சாதாரண லாக்டோகாக்கஸ். பூட்டையும் சரக்கையும் ஒரே இடத்தில் வைத்த அந்த யோசனை இன்றும் அழகு. 2006-இல் வெளியான சிறு சோதனையில் கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ள 10 பேருக்கு அதைக் கொடுத்தார்கள்.

தானாகச் சாகும் கொலைச் சுவிட்சுகள் காகிதத்தில் கவர்ச்சியானவை. ஆனால் நச்சு மரபணு ஒன்று பழுதானாலே செல் தப்பித்துவிடும், மேலே போட்ட பரிணாமக் கணக்கு இதற்கும் பொருந்தும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், பத்துக் கோடி செல்லில் ஒன்றுக்குக் குறைவாகத் தப்பவேண்டும் என்பது. அதை எட்டினாலும் ஒரு வேளைக்கு 10,000 கோடி செல் கொடுத்தால் ஆயிரம் செல் தப்பும். ஒன்றையொன்று சாராத இரண்டு பூட்டுகள் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். குடலில் ஏற்கனவே இருக்கும் ஈ. கோலை, இணைவு மூலம் காணாமல்போன மரபணுவைத் திருப்பிக் கொடுத்துவிடக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

எலி முடிவுகளை எப்படிப் படிப்பது? சாதாரண எலிக்குடலில் வெளி ஈ. கோலை தங்காது. அதனால் குடிநீரில் லிட்டருக்கு 5 கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்து இடத்தைக் காலிசெய்துவிட்டு, ஸ்ட்ரெப்டோமைசின் தாங்கும் திரிபைக் கொடுப்பார்கள். அந்தக் காலி வீட்டில் கிடைக்கும் எண்ணிக்கை, கூட்டம் நிறைந்த மனிதக் குடலில் கிடைக்காது. மேலும் எலி தன் மலத்தைத் தானே தின்னும். ஒரே ஒரு வேளை கொடுத்ததாக எழுதியிருந்தாலும், கூண்டில் அது தினமும் மறுவேளை எடுத்துக்கொண்டிருக்கும். கம்பித்தளக் கூண்டு இதைக் குறைக்கும், முழுவதும் நிறுத்தாது. எண்ணும்போது, 100 மில்லிகிராம் மலத்தை ஒரு மில்லி உப்புக் கரைசலில் கலக்கி, 100 மைக்ரோலிட்டரை நீர்க்காமல் பரப்பினால், தட்டில் ஒரு காலனி என்பது கிராமுக்கு 100 செல். தட்டில் எதுவும் வரவில்லை என்றால் கிராமுக்கு 100-க்குக் குறைவு என்றுதான் எழுதவேண்டும், பூஜ்யம் என்று அல்ல. டாப்-ஏ நீக்கிய திரிபென்றால் தட்டிலும் அந்த அமிலம் வேண்டும். இல்லாவிட்டால் இருப்பதையும் இல்லை என்று படித்துவிடுவீர்கள்.

மனிதருக்குக் கொடுக்கும் வடிவம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ட்ரெஹலோஸ் போன்ற பாதுகாப்புச் சர்க்கரையோடு உறையவைத்து உலர்த்திய தூள், ஈரம் புகாத பொட்டலம். வயிற்று அமிலத்தைக் குறைக்க முன்னதாக ஒரு அமிலத்தடுப்பு மாத்திரை. எண்ணிக்கையில் மட்டும் கவனம் தேவை. உலர்த்திய செல்களில் பல பிளவுபடாது, ஆனால் நொதி ஓடும். காலனி எண்ணிக்கை அவற்றைத் தவறவிடும். உயிர்–இறப்புச் சாயம் போட்டு எண்ணினால்தான் வேளைக்கு வேளை ஒப்பிடமுடியும். அளவை உயர்த்தும்போது முதலில் வரும் தடை குமட்டலும் வாந்தியும். ஒரு லட்சம் கோடி செல்லை நெருங்குவது உடலுக்கும் விளையாட்டல்ல.

ஃபீனைல்கீட்டோனூரியா திரிபு இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தது. நொதியை மேம்படுத்திய இரண்டாம் வடிவம் இரண்டாம் கட்டச் சோதனையில் ரத்த அளவைக் குறைத்துக் காட்டியது. ஆனால் 2024 பிப்ரவரியில் மூன்றாம் கட்டம் நிறுத்தப்பட்டது. பாதுகாப்புப் பிரச்சினை அல்ல, முதன்மை இலக்கை எட்டும் வாய்ப்பு இல்லை என்று இடைக்கால ஆய்வில் தெரிந்தது. மேலே போட்ட 13 கிராம் புரதக் கணக்கை ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஒரு நாளில் மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பங்குதான் நிஜமாக ஓடும் என்றால், வெற்றிக்கும் தோல்விக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு.

அதனால் இப்போது ஆர்வம் இரண்டு திசையில் போகிறது. ஒன்று, தங்கும் பாக்டீரியா. ஸ்டான்ஃபோர்டில் சோனென்பர்க் குழு 2018-இல் காட்டியபடி, கடற்பாசியில் இருக்கும் போர்ஃபிரான் என்ற சர்க்கரையைத் தின்னும் மரபணுக்களைக் குடல் பாக்டீராய்டிஸுக்குக் கொடுத்து, போர்ஃபிரானையும் உண்ணக் கொடுத்தால், வேறு எவற்றுக்கும் பிடிக்காத அந்த உணவை நம்பி அது இடம்பிடிக்கும். நிறுத்தினால் குறையும். ஆக்ஸலேட்டை உடைக்கும் திரிபோடு இதை மனிதரிடம் சோதித்த முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. இடம்பிடிப்பது நடந்தது. குடலில் இருந்த உறவுக்கார பாக்டீரியாக்களுடன் மரபணுப் பரிமாற்றம் நடந்து, கட்டுப்பாடு பிசகியதும் அதே சோதனையில்தான் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு குழு 2022-இல் வேறு வழி எடுத்தது. எலியின் சொந்தக் குடலில் இருந்த ஈ. கோலையை எடுத்து, மாற்றி, அதற்கே திருப்பிக் கொடுத்தது. ஆன்டிபயாட்டிக் இல்லாமலே அது நீண்டகாலம் தங்கியது. மனிதருக்கு இதைச் செய்தால் ஒவ்வொருவருக்கும் தனித் திரிபு, தனிப் பரிசோதனை. செலவை யோசித்தால் தலை சுற்றும்.

இரண்டாவது திசை, புதிய பாக்டீரியாவை அனுப்பாமல், உள்ளே இருப்பதையே அங்கேயே திருத்துவது. 2024-இல் பாக்டீரியா வைரஸின் ஓட்டுக்குள் டி.என்.ஏ. எழுத்தை மாற்றும் நொதியின் மரபணுவை வைத்து எலிக்குக் கொடுத்து, ஒரே வேளையில் இலக்கு ஈ. கோலையின் 90 சதவீதத்துக்கும் மேல் திருத்தப்பட்டதைக் காட்டினார்கள். அனுப்பிய டி.என்.ஏ. செல்லுக்குள் பெருகாது, திருத்தத்தை மட்டும் விட்டுவிட்டு மறையும். எழுத்தை மாற்றுவதற்கு இது பொருந்தும், முழு நொதி ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பதற்கு அல்ல. வைரஸ் ஒட்டும் மேற்பரப்புப் புரதம் உள்ள திரிபுகளை மட்டுமே அது எட்டும் என்பதால், ஒவ்வொருவர் குடலிலும் எந்த ஈ. கோலை இருக்கிறது என்று முதலில் பார்த்தாகவேண்டும்.